பின்பக்கத்திலிருந்து வரைந்த படம்

மார்ச் 3

பொருள்: மானிட்டர் இருண்டு போனது.

போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருது, இனிமே எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதி தபால்ல போடுங்க, ஸ்டாம்ப் ஒட்டற நேரத்துலயாவது கோவம் ஆறும்னு உங்க மகள் ஹாஸ்டல்ல உக்காந்துக்கிட்டே சட்டம் போட்டிருக்கா. அந்தச் சட்டப்படி இது முதல் கடிதம். நலம் விசாரிக்கற வேலையெல்லாம் இதுல கிடையாது.

போன சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு, நான் வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே மானிட்டர் இருட்டாயிடுச்சு. சுவிட்சை அமுக்கினா படம் வருது. சரியா ரெண்டு விநாடி. பத்து தடவை வாட்சை வச்சு அளந்துட்டேன். அப்புறம் கறுப்பு. கீழே இருக்கற பச்சை விளக்கு மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எரியுது. ஒயரைக் கழட்டி மாட்டினேன். வேற ப்ளக்ல போட்டேன். நீங்க தட்டற மாதிரி மண்டையில தட்டியும் பார்த்தேன். அசையல.

ரெண்டு தெரு தள்ளி இருக்கற கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கல. "பழசு மேடம், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னுட்டார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கல. திரும்பத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ஆபீஸ்ல ஒரு லேப்டாப் குடுத்திருக்காங்க. திரை உள்ளங்கை அளவு. அதுல ஒரு மாடிப்படி வரையறதுக்குள்ள கண்ணு பிதுங்குது.

என்ன பண்ணணும்னு எழுதுங்க. அதை மட்டும் எழுதுங்க.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


மார்ச் 7

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

கவர்ல உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோன்னு நினைச்சேன். பிரிச்சா மானிட்டர்! எனக்குச் சிரிப்பு தாங்கல. இங்க ரூம்ல கூடத் தங்கியிருக்கற வெல்டர் "என்னண்ணே, லெட்டரைப் படிச்சுட்டு தனியா சிரிக்கறீங்க"ன்னான். "வீட்ல மானிட்டர் ரிப்பேருடா"ன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

சரி, விஷயத்துக்கு வர்றேன், இல்லன்னா கடிதத்தைக் கிழிச்சிருவே. மானிட்டர்ல படம் வேற, வெளிச்சம் வேற. முன்னாடி இருக்கற கண்ணாடி படத்தைக் காட்டும். அதுக்குப் பின்னாடி பென்சிலைவிட மெல்லிசா குழல் விளக்கு இருக்கும், அதுதான் வெளிச்சம் குடுக்கும். உன்னோடது பழைய மாடல், அதனால குழல். ரெண்டு விநாடி எரிஞ்சு அணையுதுன்னா, விளக்குக்குப் போற கரன்ட் சரியில்லன்னு மானிட்டரே பயந்து அதை அணைச்சுடுது. படம் அப்பவும் உள்ளே ஓடிக்கிட்டுதான் இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சோதனை பண்ணிப் பாரு. பகல்லயே ஜன்னலுக்குப் போர்வை மாட்டி ரூமை இருட்டாக்கு. மானிட்டரைப் போட்டு, கறுப்பானதும் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல சாய்ச்சுப் பிடி. நேரா அடிக்காதே. படம் மங்கலாத் தெரிஞ்சா கண்ணாடி நல்லா இருக்கு, விளக்குப் பக்கம்தான் கோளாறுன்னு அர்த்தம். அந்த ரெண்டு விநாடி வெளிச்சம் வெள்ளையா இருக்கா, ரோஸ் கலந்திருக்கான்னும் பாரு. ரோஸா இருந்தா குழல் வயசாயிடுச்சுன்னு அர்த்தம்.

தட்டாதே. நான் தட்டறது எங்க தட்டணும்னு தெரிஞ்சு தட்டறது.

டார்ச்சுல என்ன படம் தெரிஞ்சதுன்னு எழுது. நல்லா இருக்கியா? (இது நலம் விசாரிப்பு இல்ல. கை தவறி எழுதிட்டேன்.)

மெக்கானிக்


மார்ச் 11

பொருள்: டார்ச் சோதனை.

முதல்ல ஒண்ணு. நான் இன்ஜினியர் இல்ல, பிளான் வரையறவ. இருபது வருஷமா சொல்றேன்.

போர்வை பத்தல, உங்க பழைய வேட்டியையும் சேர்த்து மாட்டினேன். வெளிச்சம் வெள்ளைதான், ரோஸ் இல்ல. கறுப்பானதும் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சேன். முதல்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சது. இன்னும் கொஞ்சம் சாய்ச்சேன். கோடு கோடா வந்துச்சு. உள்ளே படம் இருக்கு.

அதைப் பார்த்ததும் எனக்கு ஏன் அழுகை வந்துச்சுன்னு தெரியல. ரெண்டு வாரமா செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் இல்ல, அதனாலயா இருக்கும்.

என்ன படம்னு கேட்டிருந்தீங்க. ஒரு பிளான். வேலை விஷயம். அடுத்து என்ன பண்ணணும்?

வீட்டில் இருப்பவள்


மார்ச் 15

இன்ஜினியரம்மாவுக்கு,

நான் கூப்பிடறது அப்படித்தான், நீ கோவிச்சுக்கிட்டாலும்.

வெள்ளை வெளிச்சம்னா குழல் பிழைச்சுது. இனி உள்ளே பார்க்கணும். ப்ளக்கைப் புடுங்கிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடு. ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம், அஞ்சு நிமிஷம் இல்ல. கட்டில்ல போர்வை விரிச்சு மானிட்டரைக் குப்புறப் படுக்க வை. நாலு ஸ்க்ரூ. ஓரத்தைப் பழைய பிளாஸ்டிக் கார்டால நெம்பினா மூடி வரும். தகர டப்பாவுக்குள்ள போர்டு இருக்கும். அதுல ஒரே ஒரு பெரிய கறுப்பு உருளை இருக்கும், அது பக்கம் கையே போகக் கூடாது. உன் கண்ணு மேல சத்தியம் பண்ணிக்கோ. அதைவிட்டு இந்தப் பக்கம், சுண்டுவிரல் நுனி சைஸ்ல சின்னச் சின்ன உருளை வரிசையா நிக்கும். அதுக்குப் பேரு கெப்பாசிட்டர். தலை தட்டையா இருக்கணும். எதுவாவது தலை உப்பியிருக்கா பாரு.

இன்னொரு விஷயம். எழுதறதா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சேன். ஏப்ரலோட இந்த ஊர் வேலையில என் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் மூணு வருஷம் இருக்கியான்னு கேட்டு மேனேஜர் படிவம் குடுத்திருக்கார். ஏப்ரல் பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணும். இங்க கன்ட்ரோல் ரூம்ல முப்பத்தாறு திரை, எது கண்ணை மூடினாலும் என்னைத்தான் கூப்பிடறாங்க, அதனால விட மனசில்லையாம்.

போன தடவை கையெழுத்துப் போட்டப்புறம்தான் உன்கிட்ட சொன்னேன். இந்தத் தடவை போடறதுக்கு முன்னாடி கேக்கறேன். நீ என்ன சொல்றே?

மெக்கானிக்


மார்ச் 20

பொருள்: உப்பிய தலைகள்.

பிரிச்சுட்டேன். பிளாஸ்டிக் கார்டு உடைஞ்சுது, நூலக அட்டை, பரவாயில்ல. உள்ளே இவ்வளவு தூசியா! ஒரு எறும்புக் கூட்டமே குடித்தனம் நடத்திக் காலி பண்ணிட்டுப் போயிருக்கு. ஏழு உருளை. மூணு உப்பியிருக்கு. நல்லா சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கற மாமாக்கள் மாதிரி. மேலே 1000, 25 வோல்ட்னு போட்டிருக்கு. உங்க பழைய பெட்டியில சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் உறிஞ்சற பம்ப் எல்லாம் இருக்கு. அயர்ன் சுடுதான்னு பார்த்துட்டேன். சுடுது. நீங்க பத்தவைக்கறதைப் பதினெட்டு வருஷம் பார்த்திருக்கேன், எனக்கு வராதா என்ன?

படிவம் விஷயம். இப்பவாவது கேக்கணும்னு தோணிச்சே, சந்தோஷம். போன தடவை எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு ஞாபகம் இருக்கா? அலமாரி மேலேயிருந்து பெட்டியை இறக்கினீங்க. "எதுக்கு?"ன்னேன். "போகணும் இல்ல"ன்னீங்க. எங்கேன்னே எனக்குத் தெரியாது! அப்புறம் நடுவுல நீங்க லீவுல வந்த பத்து நாளும் வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் சண்டை.

"நீ என்ன சொல்றே"ன்னா என்ன அர்த்தம்? நான் போங்கன்னா போவீங்க, வாங்கன்னா வருவீங்களா? உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை எழுதலையே. அதை எழுதுங்க, அப்புறம் நான் சொல்றேன்.

வீட்டில் இருப்பவள்


மார்ச் 25

இன்ஜினியரம்மாவுக்கு,

புது கெப்பாசிட்டர் மூணும் கவருக்குள்ள இருக்கு. தபால்காரர் அமுக்கிப் பார்த்துட்டு சந்தேகப்படப் போறாருன்னு பஞ்சு சுத்தியிருக்கேன். இது நல்ல சரக்கு, இங்க திரைக்கெல்லாம் போடறது.

எப்படி மாட்டணும்னு தனித்தாள்ல படம் வரைஞ்சிருக்கேன். ஒவ்வொண்ணு உடம்புலயும் ஒரு பக்கம் பட்டைக்கோடு இருக்கும், அந்தக் கோடு எந்தப் பக்கம் வரணும்னு அம்பு போட்டிருக்கேன். இதுல மட்டும் தப்பு வரக் கூடாது. கண்ணாடி போட்டுக்கோ. முதல் தடவை கரன்ட் குடுக்கும்போது தள்ளி நின்னு சுவிட்சைப் போடு, எட்டிப் பார்க்கற உன் குணத்தை அன்னிக்கு மட்டும் அடக்கி வை.

எனக்கு என்ன வேணும்னு கேட்டே. எழுத உக்காந்தேன், நாலு தாள் வீணாப்போச்சு. நான் வாயால பேசினா உளறுவேன், பேனாவால பேசினா நின்னு போவேன். கொஞ்சம் டைம் குடு.

டார்ச்சுல தெரிஞ்ச பிளான் யாரோட வீடு? சும்மாதான் கேக்கறேன்.

மெக்கானிக்


மார்ச் 30

வெடிச்சுடுச்சு.

எனக்கு ஒண்ணும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். நீங்க வரைஞ்ச மாதிரியேதான் மாட்டினேன், மூணையும், அம்பு பார்த்து, ஸ்கேல் வச்சு. ஈயம் வச்சது பார்க்கவே அழகா இருந்துச்சு, உங்களுக்குக் காட்டணும்னு நினைச்சேன். சுவிட்சைப் போட்டேன். எட்டிப் பார்த்தது உண்மை. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், ஒரு உருளையோட மூடி பறந்து வந்து நான் போட்டிருந்த கண்ணாடியில பட்டுச்சு. புகை, நாத்தம். கண்ணாடியில கீறல் விழுந்திருக்கு. கண்ணுல இல்ல.

போர்டுல அச்சடிச்ச அரைவட்டம் ஒண்ணு இருந்துச்சு, அது கோட்டுக்கு வேற பக்கம் காட்டிச்சு. ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் உங்க படத்தைத்தான் நம்பினேன்.

இதை மகள்கிட்ட மட்டும் போன்ல சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் சொல்லியிருக்கேன்.


மார்ச் 31

என் கண்ணம்மாவுக்கு,

அவ சொல்லிட்டா. சொல்லாம இருப்பாளா? பதினேழு தடவை போன் பண்ணினேன், சட்டமாவது மண்ணாவது. பதினெட்டாவது தடவை நீ எடுத்து "கண்ணுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லிட்டு வச்சுட்டே. அதைக் கேட்டப்புறம்தான் உக்காந்து இதை எழுதறேன்.

தப்பு என்னோடது. மகள் போன்ல "அம்மா உங்க படத்தைப் பார்த்துதான் மாட்டினாங்களாம்"னு சொன்ன உடனே எனக்கு உறைச்சுது. நாங்க மெக்கானிக்கெல்லாம் போர்டைத் திருப்பிப் போட்டு, ஈயம் வைக்கற பின்பக்கம் பார்த்துதான் வேலை செய்வோம். அப்படியே வரைஞ்சு பழக்கம். நீ பிளான் வரையறவ, எதையும் மேலேயிருந்துதான் பார்ப்பே. நான் பின்பக்கம் பார்த்து வரைஞ்சதை நீ மேல்பக்கம் பார்த்துப் படிச்சே. இடது வலது மாறிப்போச்சு. "பின்பக்கம்"னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும். எழுதல. உனக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்.

நீ போர்டை நம்பியிருக்கணும். எதுக்கும்மா என்னை நம்பினே? இன்னும் உன் கடிதம் வரல, போர்டு வேற பக்கம் காட்டியும் என் படத்தைத்தான் நம்பினியாம், மகள்தான் போன்ல சொன்னா. சொல்லும்போதே அழுதுட்டேன். வெல்டர் வெளியே போயிட்டான், நல்ல பையன்.

நான் அன்னிக்கு ஏன் கேக்காம கையெழுத்துப் போட்டேன்னு ரெண்டு வருஷமா கேக்கறே. இன்னிக்குச் சொல்லிடறேன். போறதுக்கு முந்தின ஒரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் உன் முதுகுதான். காலையில எழுந்தா மானிட்டர் முன்னாடி, சாயங்காலம் வந்தாலும் மானிட்டர் முன்னாடி. நான் பின்னாடி வந்து நிப்பேன். நீ திரும்ப மாட்டே. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவேன். "நான் போகட்டுமா"ன்னு கேட்டா, திரும்பாமலே "சரி போங்க"ன்னு சொல்லிடுவியோன்னு பயம். அதைக் கேக்கறதைவிட கேக்காம போறது மேல்னு தோணிச்சு. கோழைத்தனம்தான். ஒத்துக்கறேன்.

எனக்கு என்ன வேணும்னு கேட்டியே. வீட்டுக்கு வரணும். நீ கூப்பிடாம வர எனக்குத் தைரியம் இல்ல. இதைத்தான் நாலு தாள்லயும் எழுதிக் கிழிச்சேன்.

மெக்கானிக்


ஏப்ரல் 5

மெக்கானிக்குக்கு,

இந்தத் தடவை பொருள் எதுவும் போடல.

கடிதத்தைப் படிச்சுட்டு எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. அடப்பாவி மனுஷா! என் முதுகைப் பார்த்துக்கிட்டு ஒரு வருஷம் நின்னீங்களா? என் திரை எப்பவும் கறுப்புத்தான், கறுப்பு மேலதான் வெள்ளைக் கோடு போட்டு வரைவோம், இது உங்களுக்குத் தெரியாததா? நீங்க பின்னாடி வந்து நின்னா அதுல உங்க முகம் தெரியும். தினமும் பார்த்தேன். வாசப்படியில சாஞ்சுக்கிட்டு, ஒரு கையில டீ டம்ளரோட. இவரு பேசட்டும், பேசினா திரும்பலாம்னு நானும் உக்காந்திருந்தேன். நீங்க பேசல. நான் திரும்பல. ரெண்டு பேருக்கும் வயசு மட்டும் ஆயிடுச்சு, புத்தி வரல.

நீங்க போனப்புறமும் வேலைக்கு நடுவுல அந்த மூலையைத்தான் பார்ப்பேன். வெறும் வாசப்படி தெரியும்.

டார்ச்சுல என்ன தெரிஞ்சதுன்னு ரெண்டு தடவை கேட்டுட்டீங்க. நம்ம வீடுதான். நீங்க போன அடுத்த நாள் நம்ம வீட்டு பிளானைத் திறந்து, பின்னறையில இருந்த உங்க வேலை மேசையை அழிச்சேன். ஒரே ஒரு பட்டன், போயிடுச்சு. அந்த இடத்துல அலமாரி போடலாம்னு பார்த்தேன். மனசு வரல. திரும்ப மேசையை வரைஞ்சேன். வரைஞ்சதும் தப்பு ஒண்ணு தெரிஞ்சுது. உங்களுக்கு இடதுகை. வெளிச்சம் வலப்பக்கம் இருந்து வரணும், இல்லன்னா உங்க கை நிழலே வேலை மேல விழும். பதினெட்டு வருஷம் அந்த நிழல்லதான் உக்காந்து வேலை பார்த்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லல. ஜன்னலை வலப்பக்கம் மாத்தினேன். ப்ளக் பாயின்ட் மூணு வச்சேன். அப்புறம் ரெண்டு வருஷமா, வேலை இல்லாத நேரமெல்லாம் அதையே திறந்து வச்சுக்கிட்டு மேசையை ரெண்டு அங்குலம் இப்படி, ரெண்டு அங்குலம் அப்படின்னு நகர்த்திக்கிட்டு இருக்கேன். மானிட்டர் இருண்டப்ப திறந்திருந்தது அதுதான். கடைக்காரர்கிட்ட விட்டுட்டு வராததும் அதனாலதான். நீங்கதான் சரி பண்ணணும்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

நான் கூப்பிடணுமா? சரி, கூப்பிடறேன். வாங்க. படிவத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. எனக்கு நீங்க வேணும்.

ஒரே ஒரு கண்டிஷன். இனிமே என் முதுகுக்குப் பின்னாடி நின்னா, வாயைத் திறந்து ஏதாவது சொல்லணும். "டீ ஆறுது"ன்னாவது சொல்லணும்.

உங்கள் இன்ஜினியரம்மா
(ஆகிட்டேன் போங்க)


ஏப்ரல் 9

கண்ணம்மா,

படிவத்தைக் குடுத்துட்டேன். "வேண்டாம்"னு பெரிசா எழுதி, அடியில கையெழுத்துப் போட்டு. மேனேஜர் "யோசிச்சுதான் சொல்றீங்களா"ன்னார். "வீட்ல கேட்டுட்டுதான் சொல்றேன்"னேன். அந்த ஒரு வரியைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் வந்து சேருவேன்.

புதுசா மூணு கெப்பாசிட்டர் வாங்கியிருக்கேன். தபால்ல அனுப்ப மாட்டேன், என் சட்டைப்பையிலயே வருது. வெடிச்சதுல குழலுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு ஒரு கவலை இருக்கு, வந்துதான் தெரியும். எரியலன்னாலும் பரவாயில்ல, டார்ச் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மேசையைப் பார்க்கலாம். ஜன்னல் வலப்பக்கம்னு நீ எழுதின இடத்தை நாலு தடவை படிச்சேன். அந்த நிழலை நானே கவனிச்சதில்ல, நிஜமாவே.

பிளான்ல ஒரு திருத்தம் சொல்லலாமா? என் மேசையைப் பின்னறையில தனியாப் போடாதே. உன் மேசைக்கு எதிர்த்தாப்ல போடு. முகம் பார்க்கற மாதிரி.

மெக்கானிக்


ஏப்ரல் 29
(வாசல் கதவில் ஒட்டிய தாள்)

சாவி மீட்டர் பெட்டிக்குள்ள. சைட்ல அளவு எடுக்க வரச் சொல்லிட்டாங்க, தட்டிக் கழிக்க முடியல. அஞ்சு மணிக்கு வந்துடுவேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மானிட்டர் கட்டில் மேல குப்புறப் படுத்திருக்கு. உங்களுக்குக் கை பரபரக்கும்னு தெரியும். நான் வர்றதுக்குள்ள அதைத் தனியா சரி பண்ணி வச்சீங்கன்னா அப்புறம் நடக்கறதே வேற. தொடாதீங்க.


(அதே தாளில், கீழே, இடதுபக்கம் சாய்ந்த கையெழுத்தில்)

தொடல. சாப்பிட்டுட்டேன். அயர்னைக்கூட ப்ளக்ல போடல. மணி நாலே முக்கால். உன் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உக்காந்திருக்கேன்.